கத்திரிக்காய் மேல் போட்ட பழி

“கடைசியா என்னம்மா சாப்பிட்டா?” என்று டாக்டர் கேட்டார். அறிவுமதியின் தொடையில் ஊசி போட்ட இடத்தில் பஞ்சை அழுத்திப் பிடித்தபடி பவானி நின்றுகொண்டிருந்தாள். பிள்ளையின் உதடு அதிரசம் கணக்காக உப்பியிருந்தது. கண் இரண்டும் கோடாகிப் போய், கழுத்தில் பட்டை பட்டையாகத் தடிப்பு. உள்ளே போகிற மூச்சும் வெளியே வருகிற மூச்சும் விசிலடித்தன.

“இட்லி சார். தொட்டுக்க கொத்சு.”

“கொத்சுல என்ன?”

“கத்திரிக்காய்.”

கோர்ட் ஆபீசிலிருந்து வண்டியை முறுக்கிக்கொண்டு வந்திருந்த பிள்ளையின் அப்பா இளவரசு, வியர்வையைத் துடைக்கக்கூட மறந்து குறுக்கே பேசினான். “எறா ஒத்துக்காது சார், அது எங்களுக்குத் தெரியும். அதனால புள்ளைக்கு அந்தப் பக்கமே காட்றதில்ல.”

டாக்டர் மறுபடியும் பவானியைத்தான் பார்த்தார். “இறால் கண்டிப்பா உள்ள போகலியே? கரண்டி, எண்ணெய், பொடி, எதுலயாவது?”

“இல்ல சார்.”

சொல்லிவிட்டாள். இளவரசுவுக்கு இரண்டாம் தாரமாக வருவதற்கு முன் கடலூர் கோர்ட் வாசலில் டைப்பிங் கடையில் உட்கார்ந்து ஊராருக்கெல்லாம் ‘மேற்கூறிய யாவும் உண்மை’ என்று அடித்துக் கொடுத்த கை அவளுடையது. தனக்கென்று வந்தபோது ஒரே ஒரு வார்த்தையில் வேலை முடிந்துவிட்டது. முழுப் பூசணிக்காயைத்தான் சோற்றில் மறைக்க முடியாது. ஒரு சிட்டிகைப் பொடியை மறைக்க எவ்வளவு சோறு வேண்டும்?

பொடி என்பது சென்னாக்குன்னிப் பொடி. அரிசியைவிடக் கொஞ்சம் பெரிதாக இருக்கும் குட்டி இறாலைக் காயவைத்து, வறுத்து இடித்தது. பவானியின் அப்பா பிச்சாவரத்தில் படகு தள்ளுகிறவர். அந்தப் பக்கத்து வீடுகளில் உப்பு இல்லாமல் இருந்தாலும் இருக்கும், இது இல்லாமல் இருக்காது. அம்மா கொடுத்தனுப்பிய பாட்டிலை அரிசி டப்பாவுக்குப் பின்னால் வைத்திருந்தாள் பவானி. இளவரசு ஆபீசுக்கும் அறிவுமதி பள்ளிக்கூடத்துக்கும் போன பிறகு, பழைய சோற்றில் கொஞ்சம் தூவித் தின்றுவிட்டு, வாயைக் கொப்பளித்து, கையை இரண்டு தரம் சோப்புப் போட்டுக் கழுவி, ஜன்னலைத் திறந்துவைப்பாள். சொந்த வீட்டில் திருடித் தின்கிற மாதிரி இருக்கும். அப்படி இருக்கிறதே என்று அவளுக்கு உள்ளுக்குள் ஒரு புகைச்சலும் உண்டு.

அந்தப் புகைச்சலுக்கு நெய் வார்த்தது போன மாதம் நடந்த ஒரு சின்ன விஷயம். பவானியின் அம்மா ஊரிலிருந்து வந்தவள், ஆசையாக அறிவுமதியின் கன்னத்தைப் பிடித்துக் கொஞ்சினாள். அறிவுமதி சிரித்துக்கொண்டேதான் நின்றாள். ஆனால் பாட்டியம்மாள் அந்தப் பக்கம் திரும்பியதும் நேராகக் குழாயடிக்குப் போய் முகத்தைத் தேய்த்துத் தேய்த்துக் கழுவினாள். பவானி அதைச் சமையலறையிலிருந்து பார்த்தாள். கல்யாணத்தின்போது இளவரசு வீட்டு ஆட்கள் சிலர் “மீன் வாடை” என்று கிசுகிசுத்தது அவள் காதில் இன்னும் இருந்தது. இப்போது பதினோரு வயசுப் பிள்ளையும் அதையேதான் செய்கிறது, வாயால் சொல்லாமல் தண்ணீரால் சொல்கிறது என்று நினைத்துக்கொண்டாள். அலர்ஜியாவது ஒண்ணாவது. செத்துப்போன அம்மா பழக்கிவிட்ட மிடுக்கு.

அப்படி நினைத்தவள் சண்டை போட்டிருந்தால்கூடத் தேவலை. சோதித்துப் பார்க்கலாம் என்று நினைத்தாள். சிதம்பரத்துக்காரியான அந்த முதல் மனைவியின் கைப்பக்குவம் கொத்சு, அறிவுமதிக்கு உயிர். மல்லியும் மிளகாயும் வறுத்து அரைத்து, கத்திரிக்காயைப் புளியில் குழைய வேகவைத்து, நல்லெண்ணெய் மிதக்க இறக்கினாள் பவானி. இறக்கும்போது ஒரு சிட்டிகை. தெரியாமல் தின்றுவிட்டு ஒன்றும் ஆகவில்லை என்றால் தெரிந்துவிடும் அல்லவா, பிள்ளைக்கு ஆகாதது இறாலா, நானா என்று. அவ்வளவுதான் அவள் கணக்கு.

இரண்டாவது இட்லி முடிவதற்குள் பதில் வந்துவிட்டது. பிள்ளையை அள்ளிக்கொண்டு தெருவுக்கு ஓடி, போய்க்கொண்டிருந்த ஷேர் ஆட்டோவை மறித்து, உள்ளே இருந்தவர்களை இறக்கிவிட்டு வந்து சேர்ந்தது எல்லாம் யாரோ செய்தது போலத்தான் அவளுக்கு ஞாபகம் இருக்கிறது.

ராத்திரி முழுக்க வைத்துப் பார்த்துவிட்டுக் காலையில்தான் அனுப்பினார் டாக்டர். எதனால் வந்தது என்று உறுதியாகத் தெரியாததால் ஒரு மாசத்துக்குக் கத்திரிக்காய் கூடாது. முட்டை, வேர்க்கடலை, பால், தயிரும் வேண்டாம். பிறகு ஒவ்வொன்றாகச் சேர்த்துப் பார்க்கலாம், ரத்தமும் எடுத்துப் பார்க்கலாம் என்றார். “தெரியாத எதிரிகூடச் சண்டை போட முடியாதும்மா. அடுத்த தடவை இதவிட மோசமா வரலாம். ஊசி போடக்கூட நேரம் இல்லாமப் போய்டும்.” இளவரசு பள்ளிக்கூடத்துப் பையன் மாதிரி தலையை ஆட்டினான். தனக்கு எதிரி யாரென்று தெரியும் என்று சொல்ல பவானிக்கு அப்போதும் ஒரு நிமிஷம் இருந்தது. மருந்துச் சீட்டை வாங்கி மடித்துப் பையில் வைத்துக்கொண்டாள்.

வீட்டுக்கு வந்து பிள்ளையைப் படுக்கவைத்தபோது, வீக்கம் வடிந்த வாயால் அறிவுமதி சொன்னாள்: “மொத வாயிலயே நாக்கு அரிச்சிது பவானிம்மா.”

“அப்பவே சொல்றதுக்கு என்னா?”

“நீங்க எனக்காக ஆசையா செஞ்சீங்கல்ல.”

பவானி எழுந்து சமையலறைக்குப் போனாள். அரிசி டப்பாவுக்குப் பின்னால் இருந்த பாட்டிலை எடுத்துப் பாலிதீன் பையில் சுற்றி, தெருமுனைக் குப்பைத்தொட்டியில் போட்டுவிட்டு வந்து, தரையில் உட்கார்ந்து முந்தானையை வாயில் அடைத்துக்கொண்டு அழுதாள். குழாயடியில் பிள்ளை முகம் கழுவியது அவளுக்கு அப்போதுதான் சரியாக ஞாபகம் வந்தது. கழுவிவிட்டு நிமிர்ந்தபோது கன்னத்தில், சென்னாக்குன்னி புழங்கிய அம்மாவின் விரல் பட்ட இடமெல்லாம் சிவந்திருந்தது. அன்றைக்கும் அது கண்ணில் பட்டதுதான். தேய்த்ததால் சிவந்தது என்று தள்ளிவிட்டாள்.

பழி ஓரிடம், பாவம் ஓரிடம் என்பார்கள். கத்திரிக்காய் அந்த வீட்டை விட்டே போனது. பள்ளிக்கூடத்தில் தோழிகள் கடலை மிட்டாய் தின்னும்போது அறிவுமதி வேறு பக்கம் பார்க்கப் பழகினாள். காலையில் பால் கிடையாது, ராத்திரி மோர் கிடையாது, முட்டை கேட்டு ஒரு நாளும் அடம்பிடிக்கவில்லை. தட்டில் எது விழுந்தாலும் என்ன ஏது என்று கேட்காமல் சாப்பிட்டுவிட்டு எழுந்து போனாள். அந்தக் கேட்காமைதான் பவானியைக் கொன்றது. இரண்டு மூன்று தரம் இளவரசுவிடம் சொல்லிவிடலாம் என்று பக்கத்தில் போய் உட்கார்ந்தாள். “ஏங்க, அன்னிக்கு...” என்று ஆரம்பித்தால் போதும், அவன் அவள் கையைப் பிடித்துக்கொள்வான். “அன்னிக்கு நீ மட்டும் இல்லன்னா புள்ள போயிருக்கும் பவானி. பெத்தவகூட அப்பிடித் தூக்கிட்டு ஓடியிருக்க மாட்டா.” இதைக் கேட்டபிறகு என்னவென்று சொல்வது? செய்தவளுக்கே மாலை விழுந்துகொண்டிருந்தது.

மாதம் முடிவதற்குள் முதல் மனைவியின் நினைவு நாள் வந்தது. பவானி அந்த வீட்டுக்கு வந்தபோதே, “அக்கா படம் எங்க வூட்லயே இருக்கட்டும் மாமா” என்று சொல்லி, சிதம்பரத்துக்குக் கொண்டுபோய்விட்டாள் இறந்தவளின் தங்கை வெண்மதி. அதனால் படையலும் அங்கேதான். மூன்று பேரும் காலை பஸ்ஸில் போய் இறங்கினார்கள். படத்துக்கு முன் இலை போட்டு சம்பா சாதமும் கொத்சும் வைத்திருந்தது. வீடெங்கும் மல்லி வறுத்த வாசனை. கும்பிட்டு எழுந்த அறிவுமதி அம்மாவின் இலையையே பார்த்துக்கொண்டு நின்றாள். சாப்பிட உட்கார்ந்தபோது அவள் இலையில் மட்டும் வெறும் சோறும் ரசமும் விழுந்தன.

“எங்கக்கா வயித்துல இருக்கறப்பவே கொத்சு தின்னு வளந்த புள்ள. அதுக்குப் போயி கத்திரிக்கா ஆகாதாம்” என்றாள் வெண்மதி. சொல்லிக்கொண்டே ஒரு பார்வை பவானி பக்கம் வந்து போனது. பிறகு இளவரசுவிடம் திரும்பினாள். “மாமா, சாயங்காலம் பிச்சாவரம் போய்ட்டு வரலாமா? புள்ள முகமே வாடிக் கெடக்கு. படகுல ஒரு சுத்து சுத்திட்டு அப்பிடியே மீன் வறுவல் சாப்ட்டு வரலாம்.”

“ஒரே சட்டியில எறாவும் வறுப்பான்ம்மா.”

“அது பட்டா லேசா தடிக்கும், ஒரு மாத்திரையில போய்டும். அக்கா இருக்கறப்பவே பாத்ததுதான? பயப்பட வேண்டியதெல்லாம் இப்ப இந்தக் கத்திரிக்காய்க்குதான்.”

“அதுவும் சரிதான்” என்றான் இளவரசு.

பரிமாறிக்கொண்டிருந்த பவானி ரசச் சட்டியை அப்படியே இறக்கி வைத்தாள். தான் சொன்ன பொய் இத்தனை நாளும் பிள்ளையின் நாக்கைத்தான் கட்டிப்போட்டிருக்கிறது என்று நினைத்துக்கொண்டிருந்தாள். அது பிள்ளையைக் கையைப் பிடித்து எங்கே கூட்டிப்போகிறது என்று இப்போது தெரிந்தது. கொத்சுப் பாத்திரத்தை எடுத்துக்கொண்டு நேராக அறிவுமதியின் முன்னால் போய்க் குனிந்து, ஒரு கரண்டி அள்ளி இலையில் ஊற்றினாள்.

“ஏய், என்னா பண்ற நீ?” இளவரசு பாதி எழுந்துவிட்டான்.

“கத்திரிக்கா ஒண்ணும் பண்ணாதுங்க.” பாத்திரத்தைக் கையில் வைத்தபடியே சொன்னாள் பவானி. “அன்னிக்கு கொத்சுல சென்னாக்குன்னி பொடி போட்டேன். தெரியாம விழல. நாந்தான் போட்டேன். ஒரே ஒரு சிட்டிகை. லேசா தடிக்கும்னு நெனைக்காதீங்க வெண்மதி, அதுக்கே மூச்சு நின்னுப்போச்சு. எறா வறுத்த சட்டி பக்கம்கூடப் புள்ளைய கூட்டிட்டுப் போவாதீங்க.”

இளவரசு எழுந்தவன் எழுந்தபடியே நின்றான். சோறு ஒட்டிய அவன் விரல்கள் தாமாக மடங்கி முஷ்டியாவதைப் பவானி பார்த்தாள். அடித்தால் அடிக்கட்டும் என்றிருந்தது. அடித்தால் நன்றாக இருக்கும் என்றும் இருந்தது.

அறிவுமதி அழவில்லை. நிமிர்ந்து கேட்டாள். “ஏன் பவானிம்மா?”

“நீ பொய் சொல்றேன்னு நெனச்சேன் கண்ணு. எங்க சாப்பாடு புடிக்காமதான், என்னைப் புடிக்காமதான் அப்பிடிச் சொல்றேன்னு நெனச்சேன்.”

சோற்றின் ஓரமாகக் கொத்சு மெல்லப் பரவி ரசத்தோடு கலந்துகொண்டிருந்தது. அறிவுமதி அதைக் கொஞ்ச நேரம் பார்த்தாள். பிறகு பவானியைத் தாண்டி, பின்னால் நின்ற வெண்மதியைப் பார்த்துக் கேட்டாள்.

“சித்தி, இதுல எறா இல்லல்ல?”

“இல்லடா தங்கம். சித்தி கையால செஞ்சது.”

பிள்ளை ஒரு துண்டு கத்திரிக்காயை எடுத்தாள். வாய்வரைக்கும் கொண்டுபோனவள் நிறுத்தி, மூக்குக்குக் கிட்டே வைத்து, கண்ணை மூடிக்கொண்டு முகர்ந்து பார்த்தாள்.