வலது பட்டிக்கும் ஒரு கரண்டி

பாலில் விரலை விட்டுப் பார்த்துவிட்டு, சூடு இன்னும் ஆறவில்லை என்று எதிர்க்கட்சி வாளியைக் கீழே வைத்தான். வீட்டு முன்னால் நாற்காலிகள் இறக்கும் சத்தம் கேட்டது. உள்ளே கூடத்தில் அத்தானைக் கிடத்தியிருந்தார்கள். நேற்று மத்தியானம் சாப்பிட்டுவிட்டுக் கை கழுவப் போனவர் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தார், அவ்வளவுதான். பதினோரு மணிக்கு எடுக்கிறார்கள். கன்றுக்குட்டிகளுக்கு அதெல்லாம் தெரியுமா? பொழுது விடிந்ததும் எட்டும் சேர்ந்து கத்த ஆரம்பித்துவிட்டன.

எதிர்க்கட்சி என்பது பால் சேகரிப்பு நிலையத்தில் அவனுக்கு வைத்த பெயர். அத்தான் கிழக்கே என்றால் இவன் மேற்கே என்பான். ஐம்பது வயதாகியும் அந்தக் குணம் போகவில்லை. அத்தான் அக்காவைக் கட்டிய நாளிலிருந்து இருவருக்கும் ஒரே கொட்டகை, ஒரே பிழைப்பு. சண்டை போடாத நாளும் கிடையாது, பேசாத நாளும் கிடையாது. ஒருமுறை கொட்டுகிற மழையில் ஒரு பசு கன்று ஈன முடியாமல் தவித்தது. இருவரும் கயிறு கட்டி இழுக்க, கன்று பொத்தென்று வந்து விழ, இவர்கள் இருவரும் சாணியில் மல்லாந்து விழுந்தார்கள். எழுந்திருக்காமலே, யார் இழுத்ததில் கன்று வந்தது என்று அரை மணி நேரம் வாக்குவாதம். அக்கா வந்து இருவரையும் திட்டி எழுப்பிவிட்டாள். எப்பேர்ப்பட்ட நாட்கள் அவை!

கடைசிச் சண்டை ஒரு பவுடரைப் பற்றி. எங்கேயோ ஒரு கூட்டத்துக்குப் போன அத்தான் டப்பாவும் கையுமாக வந்தார். கன்றின் குடலில் நல்ல கிருமிகளைக் குடியேற்றுகிற பவுடராம். வெதுவெதுப்பான பாலில் கன்றுக்கு ஒரு கரண்டி போட்டுக் கொடுத்தால் கழிச்சல் அண்டாதாம், நோய் எதிர்ப்புச் சக்தி கூடுமாம். கொதிக்கிற பாலில் போட்டால் உள்ளே இருக்கிற உயிர்கள் செத்துப்போகுமாம். கிருமியைக் கடையில் போய் வாங்கிய முதல் ஆள் நீங்கள்தான் என்று இவன் விழுந்து விழுந்து சிரித்தான்.

சிரிப்பு பந்தயத்தில் முடிந்தது. இடது பட்டியில் நான்கு கன்றுக்குப் பவுடர், வலது பட்டியில் நான்குக்கு வெறும் பால். நாற்பத்திரண்டாம் நாள் எடை போட வேண்டியது. தோற்றவர் பால் நிலையத்தில் எல்லார் முன்னாலும் 'நான் சொன்னது தப்பு' என்று வாய்விட்டுச் சொல்ல வேண்டும். முப்பது வருஷத்தில் இருவரில் ஒருவர் வாயிலிருந்தும் வராத வார்த்தை அது. கறப்பது இவன் வேலை, கலக்கிக் கொடுப்பது அத்தான் வேலை.

பத்தாம் நாள் வலது பட்டியின் சின்னக் கன்று கழிந்து சுருண்டுவிட்டது. நாலைந்து நாளில் தானாகத் தேறி எழுந்து துள்ளியது. அதன் பிறகு எதிர்க்கட்சியைக் கையில் பிடிக்க முடியவில்லை. பவுடர் இல்லாமலே தேறிவிட்டது பார்த்தீர்களா என்று தினமும் சாயங்காலம் பால் நிலையத்தில் அத்தானைப் போட்டு வாரினான். அவர் சிரித்தபடியே கேனைத் தூக்கி வைப்பார். இன்று நாற்பத்தொன்றாம் நாள்.

பால் ஆறியதும் டப்பாவைத் திறந்து இடது வாளியில் மட்டும் எண்ணி நாலு கரண்டி போட்டான். ஆள் இல்லை என்பதற்காக அவர் பக்கத்துக்கு வஞ்சகம் செய்யக் கூடாது. மூடப் போனபோது அக்கா பின்னால் நின்றாள். அழுது வீங்கிய முகம். டப்பாவை வாங்கி, வலது வாளியிலும் நாலு கரண்டி போட்டாள்.

"அக்கா, அது வலது பட்டி வாளி."

"தெரியும். ரெண்டுலயும்தான் போடுவாரு."

"எப்பலேர்ந்து?"

"அந்தச் சின்னது கழிஞ்சு கிடந்துச்சே, அன்னைக்கிலேர்ந்து. மருந்தைக் கையில வச்சுக்கிட்டு அது படுற பாட்டை எப்படிப் பாத்துக்கிட்டிருக்கிறதுன்னாரு. நான் தோத்தா தோத்துட்டுப் போறேன், உன் தம்பிகிட்ட மூச்சு விடாதே, பாவம், அவன் சந்தோஷமா இருக்கான்னாரு."

ஒரு மாதமாகத் தான் பேசிய பேச்செல்லாம் அவனுக்குக் காதில் கேட்டது. வெட்கமாக இருந்தது. அதைவிட, இப்போதே கூடத்துக்குப் போய் அந்த மனுஷனை எழுப்பி உட்காரவைத்துச் சண்டை போட வேண்டும் போலிருந்தது. இனி யாரோடு போடுவது? கன்றுகள் முட்டி முட்டிக் குடித்து முடிக்கும்வரை அக்காவும் தம்பியும் வாளிகளைப் பிடித்துக்கொண்டு நின்றார்கள்.

எல்லாம் முடிந்து வீடு திரும்ப மூன்று மணியாகிவிட்டது. மாடுகள் மடி கனத்து நின்றன. கறந்து, கேனை வண்டியில் கட்டிக்கொண்டு பால் நிலையத்துக்குப் போனான். வரிசையில் ஏழெட்டுப் பேர். இன்றைக்கே எதற்கு வந்தாய், யாரிடமாவது கொடுத்தனுப்பக் கூடாதா என்று நிலையச் செயலாளர் கேட்டார்.

"ஒண்ணு சொல்லணும். எல்லாரும் இருக்கும்போதே சொல்லிடுறேன். அத்தான்கூடப் போட்ட பந்தயத்துல நான் சொன்னது தப்பு."

"நாளைக்குத்தானேப்பா எடை?" என்றார் செயலாளர்.

"எடை வேண்டாம். நான் சொன்னது தப்பு."

யாரும் சிரிக்கவில்லை. செயலாளர் குனிந்து தராசைத் துடைத்தார். வரிசையில் நின்றவர்கள் ஒதுங்கி, நீ முதலில் ஊற்றிவிட்டுப் போ என்றார்கள். அவன் தலையாட்டி மறுத்துவிட்டான். வரிசையின் கடைசியில், இத்தனை வருஷமும் அத்தானுக்குப் பின்னால் நின்றதுபோலவே, தனக்கு முன்னால் ஓர் ஆள் நிற்கும் அளவுக்கு இடம் விட்டு நின்றான்.