லாபத்தில் தொடங்கிய பாட்டு

செஞ்சி கடைவீதியில் உரக்கடை வைத்திருக்கும் அரிகிருஷ்ணனும், அவருக்குப் பாட்டு சொல்லிக்கொடுக்கும் பூங்குழலியும் ரெண்டு தெரு தள்ளித்தான் இருந்தார்கள். நடந்தால் நாலு நிமிஷம். ஆனாலும் எட்டு மாசமாக வகுப்பு போனில்தான் நடந்தது. சார்ஜாவில் இருக்கும் இன்னொரு மாணவி ஷோபனாவுக்கு ஆன்லைனில் வகுப்பு எடுப்பதில் ஒரு நியாயம் இருக்கிறது. கூப்பிடு தூரத்தில் இருப்பவருக்கு எதற்கு?

முதல் நாளே பூங்குழலி கேட்டுவிட்டாள்.

"கடைவீதி பூரா நம்மளத் தெரியும் மேடம். அம்பத்திமூணு வயசுல நோட்டைத் தூக்கினு உங்க வீட்டு மாடி ஏறுனா, நான் கீழ இறங்கறதுக்குள்ள சேதி எம்பொண்ணு காதுக்குப் போயிடும்" என்றார் அரிகிருஷ்ணன்.

பெண்ணுக்குத் தெரியக்கூடாது, அதுதான் முக்கியம். மகள் அனு பத்தாவது படிக்கும்போது பாட்டு வகுப்புக்குப் போய்க்கொண்டிருந்தாள். மோகனத்தில் ஒரு கீர்த்தனை. பல்லவி முடிந்து, அனுபல்லவி முடிந்து, சரணம் தொடங்க வேண்டிய வாரத்தில், "பரீட்சை வருது, பாட்டெல்லாம் போதும்" என்று நிறுத்தியவர் சாட்சாத் இவர்தான். அவள் மறுபேச்சு பேசவில்லை. அதற்குப் பிறகு வீட்டில் ஒரு வரி முணுமுணுத்ததும் இல்லை. மார்க் வந்தது, வேலை வந்தது, இப்போது கல்யாணமும் வந்துவிட்டது. பாட்டு மட்டும் திரும்பி வரவில்லை.

"நான் நிறுத்துன பாட்டு மேடம். நானே பாடி முடிக்கணும். ரிசப்ஷன்ல, அவ எதிர்ல. அவளோட பழைய நோட்டு எங்கிட்டதான் இருக்குது" என்று அவர் சொன்னார். இருபத்தேழு வயது டீச்சர் மாணவர் முன்னால் அழுதால் நன்றாகவா இருக்கும்? பூங்குழலி சட்டென்று கேமராவை அணைத்துவிட்டு, "நெட் போயிடுச்சு சார்" என்றாள்.

அன்று முதல் காலை ஆறு மணிக்கு, கடைக்குப் பின்னாலிருந்த குடோனில், யூரியா மூட்டைகளுக்கு நடுவே நின்றுகொண்டு அரிகிருஷ்ணன் சாதகம் செய்தார். குரல் கொஞ்சம் கரகரப்பு, ஆனால் சுருதியை விட்டு நகராது. ஞாயிற்றுக்கிழமை தியரி வகுப்பென்றால் மனிதர் புலி. மோகனத்தில் மத்யமமும் நிஷாதமும் கிடையாது என்று அவள் சொன்னதும், "யூரியாவுல சாம்பல் சத்து கிடையாதே, அந்த மாதிரி" என்று எழுதிக்கொண்டார். ஏழு தாளத்தின் பெயரையும் தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் ஒப்பிப்பார்.

ஒரே ஒரு குறை. அவள் திரையில் தாளம் போட்டுக் காட்டினால், அவர் அரை எண்ணிக்கை தள்ளித்தான் எடுப்பார்.

"லேட்டாயிடுச்சா மேடம்?"

"இல்ல சார், அது நெட். சத்தம் லேட்டா வருது. நீங்க பாடுங்க."

எட்டு மாசமும் இதே கேள்வி, இதே பதில். போனில் யார் பாடினாலும் தாமதமாகத்தான் கேட்கும். ஷோபனா பாடினாலும் அப்படித்தான். எல்லாப் பழியையும் நெட்டின் தலையில் போட்டுவிட்டு பூங்குழலி நிம்மதியாக இருந்தாள்.

ரிசப்ஷனுக்கு ரெண்டு நாள் முன்னால், மிருதங்கத்தோடு ஒத்திகை பார்க்க வேண்டியிருந்ததால், வேறு வழியில்லாமல் அவர் பூங்குழலி வீட்டு மாடிப்படி ஏறினார். கையில் கத்தரி விதைப் பாக்கெட்டு. யாராவது கேட்டால் விதை கொடுக்க வந்ததாகச் சொல்லிக்கொள்ளலாமாம். பூங்குழலியோடு இசைக் கல்லூரியில் படித்த நண்பன் குரு, அனந்தபுரத்திலிருந்து மிருதங்கத்தோடு பஸ் ஏறி வந்திருந்தான்.

"பாட்டு எடுப்பு எங்க சார்?" என்று கேட்டான்.

"சமம்தான் தம்பி. தாளமும் பாட்டும் ஒரே எடத்துல ஆரம்பிச்சா சமம். தாளம் விழுந்தப்புறம் பாட்டு ஆரம்பிச்சா அனாகதம். இது சமம்" என்று அரிகிருஷ்ணன் நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு சொன்னார்.

சொல்லிவிட்டு அரை எண்ணிக்கை தள்ளி எடுத்தார்.

குரு நிறுத்தினான். மறுபடியும் அரை எண்ணிக்கை. மூன்றாம் தடவையும் அதே இடம். குரு பூங்குழலியைப் பார்த்து, "இன்னா குழலி, அனாகதம்னே வச்சுக்கலாமா? நான் சமாளிச்சுக்கறேன். யாருக்குத் தெரியப்போகுது?" என்றான்.

அவளுக்கு முகம் வெளிறிப்போனது. இந்த அறைக்குள் நெட்டே கிடையாது. இனி யார் மேல் பழி போடுவது? ஆமாம் என்று ஒரு வார்த்தை சொன்னால் அவள் மானம் தப்பும். ஆனால் அனு அந்தப் பாட்டைக் கற்றவள். எடுப்பு எங்கே என்று அவளுக்குத் தெரியும். மற்ற ஆயிரம் பேரை ஏமாற்றலாம், யாருக்காகப் பாடுகிறாரோ அவளை ஏமாற்ற முடியாது.

அப்போதுதான் அவர் வலது கையைக் கவனித்தாள். அது தொடையில் இல்லை. முகத்துக்கு நேராக, விரல்கள் பாதி மடங்கி, அந்தரத்தில் நின்றது. போன் சட்டைப்பையில் இருந்தது, கை மட்டும் இல்லாத போனைப் பிடித்துக்கொண்டிருந்தது.

"சார், குடோன்ல நீங்க தாளம் போட்டதே இல்லியா?"

"எப்படி மேடம் போடறது? ஒரு கையில போனு, ஒரு கையில நோட்டு. நீங்கதான் போடறீங்களே, அதைப் பாத்துதான் பாடுவேன்."

அவள் கை விழுவதைப் பார்த்து, விழுந்துவிட்டது என்று உறுதி செய்துகொண்டு, அப்புறம் வாயைத் திறந்திருக்கிறார் மனிதர். பச்சைக் குழந்தைக்கு முதல் நாள் சொல்லித்தரும் பாடம் இது. திரையில் அவர் மீசை வரைக்கும்தான் தெரியும். கை எங்கே என்று ஒரு நாளாவது அவள் கேட்டாளா?

"தப்பு என்னோடது சார்" என்றாள். சொல்லி முடித்ததும் மனசு லேசானது. உடனே வேலையில் இறங்கினாள். போனை வாங்கி அலமாரியில் வைத்தாள், நோட்டைப் பிடுங்கிக் குருவின் மடியில் போட்டாள்.

ஆதி தாளம், எட்டு எண்ணிக்கை. தட்டு, மூன்று விரல், தட்டு, திருப்பு, தட்டு, திருப்பு. அவர் கண் பூங்குழலியின் கையையே தேடிக்கொண்டு போனது. அதைப் பார்க்காமல் அவர் கைக்கு ஒன்றும் ஓடவில்லை. ஒரு மணி நேரம் போராடியும் அரை எண்ணிக்கை அப்படியே நின்றது. "விட்டுடலாம் மேடம். அவ பாட்டை நான் ரெண்டாந்தரம் கெடுக்க வேணாம்" என்று எழுந்துவிட்டார்.

அந்த நேரம் பார்த்துக் கடையிலிருந்து போன் அடித்தது. லோடு வந்துவிட்டதாம். அவர் கீழே இறங்கி ஓடினார். விதைப் பாக்கெட்டை மறந்துவிட்டாரே என்று பூங்குழலியும் பின்னாலேயே போனாள்.

கடை வாசலில் லாரியிலிருந்து மூட்டை இறங்கிக்கொண்டிருந்தது. அரிகிருஷ்ணன் எண்ணினார். வியாபாரிகள் ஒன்று என்று தொடங்க மாட்டார்களே, அந்த வழக்கப்படியே, "லாபம்... ரெண்டு... மூணு..." மூட்டை தரையைத் தொடுவதும் அவர் குரல் எழுவதும் ஒரே நேரம். முன்னும் இல்லை, பின்னும் இல்லை. மூட்டையைப் பார்க்கக்கூட இல்லை. டிரைவரின் பில்லைப் பார்த்துக்கொண்டே எண்ணினார். வலது கை தன்பாட்டுக்குத் தொடையைத் தட்டிக்கொண்டிருந்தது.

நடுக் கடைவீதி என்பதையும் மறந்து பூங்குழலி கத்தினாள். "சார்! இதான் சார் தாளம்! எட்டு மூட்டை இறக்குங்க. மறுபடியும் லாபம் வர்ற எடத்துல பாடுங்க!"

ரிசப்ஷன் அன்று சாயங்காலம் மண்டபம் நிரம்பியிருந்தது. மேடையில் மாப்பிள்ளைக்குப் பக்கத்தில் அனு, அரக்குப் பட்டில். லைட் மியூசிக்காரர்களை ஓரமாக உட்காரச் சொல்லிவிட்டு அரிகிருஷ்ணன் மைக் முன்னால் சம்மணம் போட்டார். குரு மிருதங்கத்தை மடியில் சாய்த்துக்கொண்டான். மூன்றாவது வரிசையிலிருந்து பூங்குழலி அவர் கையையே பார்த்துக்கொண்டிருந்தாள். அவருடைய வலது கை பழைய ஞாபகத்தில் மேலே போனது, அந்தரத்தில் நின்றது.

பிறகு மெல்ல இறங்கித் தொடையில் உட்கார்ந்தது.

"லாபம்... ரெண்டு... மூணு..." மனசுக்குள் எண்ணுவதாகத்தான் அவர் நினைத்துக்கொண்டிருந்தார். மைக் அதை மண்டபம் முழுக்கச் சொன்னது. சனம் கொல்லென்று சிரித்தது. அவர் காதில் அது விழவே இல்லை. எட்டாவது எண்ணிக்கை முடிந்து கை விழுந்த அதே இடத்தில் பாட்டு பிறந்தது. குரு சந்தோஷத்தில் தலையை ஆட்டிக்கொண்டே வாசித்தான்.

அனு முதலில் சிரித்தாள். அடுத்த வரியில் சிரிப்பு நின்றது. பட்டுப்புடவை மடியில் அவள் கை தானாகத் தாளம் போட ஆரம்பித்தது. அனுபல்லவியில் உதடும் சேர்ந்துகொண்டது. அப்பாவும் பெண்ணும் மைக்கில் பாதியும் மைக் இல்லாமல் பாதியுமாகப் பாடினார்கள். போன் வகுப்பில் ரெண்டு பேர் சேர்ந்து பாடவே முடியாது. எட்டு மாசம் கழித்து அதைக் கேட்கும்போது பூங்குழலிக்கு மயிர்க்கூச்செறிந்தது.

சரணம் வந்தது. அனுவின் உதடு நின்றுவிட்டது. அவளுக்குத் தெரியாது, அவள் அங்கேதான் நிறுத்தப்பட்டாள். அவர் தனியாகப் பாடினார். அவள் கை மட்டும் நிற்கவில்லை. கண்ணீர் கன்னத்தில் வழிய, கடைசி வரைக்கும் அப்பாவுக்குத் தாளம் போட்டது.

கைதட்டல் ஓய்வதற்குள் அவள் மேடையிலிருந்து இறங்கி வந்து அவர் பக்கத்தில் மண்டியிட்டாள்.

"நைனா, அந்தச் சரணத்த எனக்கு எழுதிக் குடு."

அரிகிருஷ்ணன் இடுப்பிலிருந்து பழைய நோட்டு ஒன்றை எடுத்து அவள் கையில் கொடுத்தார். அட்டையில் 'அனு, 10-ஆ' என்று இருந்தது. அனுபல்லவிக்குக் கீழே பதினோரு வருஷம் காலியாகக் கிடந்த இடத்தில், அவருடைய கோணல் எழுத்தில், சரணம் முழுசாக இருந்தது.