புரூனோவுக்கு ஒரு வாரிசு

லூர்து மேரிக்கு நாய் என்றாலே ஆகாது. மகன் ஜோனதன் புரூனோவைக் குட்டியாகத் தூக்கி வந்தபோது பல நாள் அவனுடன் முகம் கொடுத்துப் பேசவில்லை. பெண்டாங் சாலையில் மோட்டார் விபத்தில் அவன் போய்ச் சேர்ந்த பிறகு, நாய் யார் கூப்பிட்டாலும் சாப்பிட வரவில்லை. அது அவனுடைய விசிலுக்குத்தான் வரும். கையுறைத் தொழிற்சாலையில் வேலை செய்யும் அந்த அம்மாள், ஐம்பது வயதைத் தாண்டி, சமையலறையில் நின்று விசிலடிக்கக் கற்றுக்கொண்டாள். ஒருநாள் நாய் வந்தது.

புரூனோவுக்கு விதைப்பையில் கட்டி வந்தபோது, அறுத்து எடுத்தே ஆகவேண்டும் என்றார் சுங்கை பட்டாணி கால்நடை மருத்துவர் நளினி. அப்படியானால் அதற்குக் குட்டியே பிறக்காதா என்று மேரி கேட்டாள். அறுவைக்கு முன் விந்தை எடுத்து உறையவைக்கலாம், ஆனால் கிழட்டு நாய், நோய் வேறு, நம்பிக்கை வைக்கவேண்டாம் என்று நளினி ஒளிக்காமல் சொன்னார். மேரி கடைசி வார்த்தையைக் காதில் வாங்கவில்லை.

எடுத்த விந்தை மெல்லிய குழாய்களில் அடைத்து, புகை தள்ளும் நைட்ரஜன் கலத்துக்குள் இறக்கினார்கள். அறுவை நடந்தும் நோய் நுரையீரலுக்கு ஏறி, புரூனோ செத்தது. கணவன் மோரிஸ் அதை வீட்டுக்குப் பின்னால் புதைத்தான். இதோடு விடச் சொன்னான். மேரி கேட்கவில்லை.

சிடாம் கிரியில் பக்கத்து வீட்டு ரூபினி, தன் பெட்டை நாய் ஜூலியைத் தரச் சம்மதித்தாள். பருவம் வந்ததும் இரத்தம் சோதித்து நாள் பார்த்து, மயக்க மருந்து கொடுத்து, பாதிக் குழாய்களை உருக்கிக் கருப்பைக்குள் செலுத்தினார்கள். பின்னர் ஸ்கேன் எடுத்தபோது ஒன்றுமில்லை. ஜூலி மறுபடி பருவத்துக்கு வரும்வரை மேரி காத்திருந்தாள்.

பருவம் வந்து நாள் பார்த்த அன்று, மிச்சமிருந்த குழாய்களை வெந்நீரில் உருக்கி, ஒரு சொட்டை நுண்ணோக்கியில் வைத்துப் பார்த்த நளினி, நெடுநேரம் தலை நிமிரவில்லை. பிறகு மேரியையே பார்க்கச் சொன்னார். வட்ட வெளிச்சத்தில் வால் முளைத்த புள்ளிகள் சிதறிக் கிடந்தன. எதுவும் நகரவில்லை.

"உறையவச்சதுல தாங்கல ஆன்ட்டி. எல்லாம் செத்துப் போச்சு."

"இருந்தாலும் போட்டுப் பாருங்க டாக்டர். ஒன்னாவது உயிரோட இருக்கும் லா."

நளினி ரூபினியைத் திரும்பிப் பார்த்தார். ரூபினி ஜூலியின் கழுத்துப்பட்டையைப் பிடித்துக்கொண்டாள். அவள் மறுக்கமாட்டாள் என்பது மேரிக்குத் தெரியும். மேசைமேல் ஜூலி நின்றது. போன தடவை ஊசி போட்ட இடம் நினைவிருந்ததோ என்னவோ, முன்னங்காலை மடக்கிக்கொண்டு அதன் உடம்பு வெடவெடவென்று நடுங்கியது. மேரி அதையே பார்த்தாள்.

"எறக்கி விடு ரூபினி," என்றாள். "பாவம், அதுக்கு என்னா தெரியும்."

ரூபினி காடியை வீட்டுக்கு ஓட்டினாள். பின்சீட்டில் ஜூலி மேரியின் மடியில் தலை வைத்துத் தூங்கிப்போனது. மேரி அதைத் தடவவுமில்லை, தள்ளவுமில்லை.

கேட்டைத் திறந்த மோரிஸ் அவள் முகத்தைப் பார்த்துவிட்டு, சாப்பிட்டாயா என்று மட்டும் கேட்டான். பசியில்லை என்றாள். சீருடையை மாட்டிக்கொண்டு, ஃபேக்டரி பஸ் வரும் முச்சந்திக்கு நடந்தாள். அவளுடைய ஷிப்ட் தொடங்க இன்னும் வெகுநேரம் இருந்தது.