கடைசி வரியிலிருந்து படித்தவர்

கீழ்வானம் வெளுத்துத் தெருவிளக்குகள் ஒவ்வொன்றாய் அவிய, தொலைவில் தொடர்வண்டியின் கூவல் ஈரக் கூரைகளின்மேல் தவழ்ந்து வர, ஊர் இன்னும் போர்வைக்குள் புரண்டுகொண்டிருந்த அவ்வைகறையில், அஞ்சல் நிலையத்தின் நெடுங்கூடம் மட்டும் முழுதாய் விழித்திருந்தது. வாய் அவிழ்ந்த சாக்குப்பைகள் நீண்ட மேசைமேல் மடல்களைக் கொட்டின. சுவரை மறைத்து நின்ற மரத்தட்டில் நூற்றிருபது சிற்றறைகள் அவற்றை ஏற்கக் காத்திருந்தன. அத்தட்டின் முன்னே முப்பத்தோராண்டாய் நின்று, நின்று, முழங்கால் தேய்ந்தவரே நம் கதைத்தலைவர். கூடத்தார் அவரை 'மின்னல்' என்றே அழைப்பர்.

படிப்போரே, அவர் விரைவின் மறைபொருள் எளியது. முகவரியின் கடைசி வரியில் ஊர்ப்பெயர் இருத்தலின், மடல் பிரிப்போர் எதனையும் அடியிலிருந்தே படிப்பர். ஊரைக் கண்ட கணமே கை வீசிவிடும். மேலுள்ள பெயரும் தெருவும் அவர்க்கு வேண்டா. இப்பழக்கம் கூடத்தோடு நின்றிருந்தால் தொல்லையில்லை. வீட்டிலும் செய்தித்தாளை அடிப்பத்தியிலிருந்து தொடங்குவார், மனைவி ஒன்றைச் சொல்லத் தொடங்குமுன்னே, "சரி, முடிவு என்ன?" என்பார். அந்த அம்மையார் சிரித்துக்கொண்டும் சிலவேளை சிரியாமலும் அவரோடு காலந்தள்ளினார்.

ஏழு திங்களுக்கு முன் அவர்தம் அக்காளிடமிருந்து ஒரு கடிதம் வந்தது. தாயை இழந்த சிறுவனை இடுப்பில் சுமந்து வளர்த்த அக்காள் அவர். மணமாகித் தொலைவூர் சென்றபின் திங்கள்தோறும் ஒரு கடிதம் தவறியதில்லை. முந்தைய ஆண்டு அத்தான் இறந்தபோது, விடுப்புக் கிடைக்காமல் அடக்கத்துக்கு ஒருநாள் பிந்திப் போய்ச் சேர்ந்த குற்றவுணர்வு தம்பியின் நெஞ்சை அரித்துக்கொண்டிருந்தது. கடிதத்தைப் பிரித்ததும் கண் வழக்கம்போல் அடிக்குப் பாய்ந்தது. 'இனி நான் உனக்கு எழுதமாட்டேன்' என்று அங்கே தனித்து நின்றது ஒரு வரி. எழுத்துகளோ சினத்தில் கிறுக்கியவைபோல் கோணியிருந்தன. வெந்த புண்ணில் வேல் பாய்ந்தது. மேலே ஒரு சொல்லும் படியாமல் மடித்து, பழைய மூக்குக்கண்ணாடிகள் கிடந்த இழுப்பறையின் அடியில் திணித்தார். தாமும் எழுதுவதை விட்டார். மனைவியிடமும் மூச்சு விடவில்லை.

கணவரின் முகவாட்டத்தைக் கண்டு, காரணம் கேட்டுக் கேட்டு அலுத்த அம்மையார், சனிக்கிழமைப் பிற்பகல்களில் தேவாலயத்தின் பின்னறையில் நிகழும் மறைவாசிப்புக்கு அவரை இழுத்துச் சென்றார். அங்கே ஏழெட்டுப் பேர் வட்டமாய் அமர்ந்திருக்க, பள்ளியாசிரியை ஒருவர் நற்செய்தியின் ஒரு சிறு பகுதியை நான்கு முறை மெல்ல வாசிப்பார். முதன்முறை கேட்பது, அடுத்து, நெஞ்சைத் தொட்ட ஒரு சொல்லை அசைபோடுவது, பின்னர் அதைக் கொண்டே இறைவனோடு பேசுவது, இறுதியில் பேச்சும் ஓய்ந்து அவர்முன் இருப்பது. அவ்வளவே அவ்வழிபாடு.

நம்மவருக்கோ அது முள்மேல் இருப்பாயிற்று. ஆசிரியை முதல் வரியை முடிக்குமுன் இவர் கையிலுள்ள மறைநூலில் கடைசி வரியைப் பார்த்துவிட்டு, மீதி நேரமெல்லாம் கூரை விசிறியின் சுற்றுகளை எண்ணுவார். வலக்கைப் பெருவிரல் தானாகவே இல்லாத மடலை வீசும். இரண்டாம் கிழமை நன்றாகவே உறங்கினார். வரும் வழியில் மனைவி கேட்டார்: "அப்படி என்னங்க அவசரம்? சாமி என்ன, அடுத்த வண்டியைப் பிடிக்கவா போறாரு?"

மூன்றாம் கிழமை நூலை வீட்டிலேயே வைத்துவிட்டு வெறுங்கையோடு அமர்ந்தார். வழியோரம் அமர்ந்த பார்வையற்றவன் ஒருவன் கூவியழைக்க, கூட்டம் அவனை அதட்டி அடக்க, விரைந்து சென்ற இயேசு நின்ற இடம் அன்றைய பகுதி. இரண்டாம் வாசிப்பில் 'நின்றார்' என்னும் அந்த ஒற்றைச் சொல் அவரைப் பிடித்துக்கொண்டது. எருசலேம் போகும் வழியில், எத்துணையோ பெரிய வேலை காத்திருக்க, ஒரு குரலுக்காக நின்றார். மூன்றாம் வாசிப்பில், 'ஆண்டவரே, நான் எதற்குமே நின்றதில்லை' என்று மனத்துள் சொன்னார். சொன்னதும் இழுப்பறை நினைவுக்கு வந்தது. நான்காம் வாசிப்பில் கண்ணீர் தடையின்றி வழிந்தது.

வீட்டுக்கு வந்ததும் கடிதத்தை எடுத்து, கடைசி வரியை உள்ளங்கையால் மறைத்துக்கொண்டு, தலைப்பிலிருந்து ஒவ்வொரு சொல்லாய்ப் படித்தார்.

'தம்பி, அத்தானை அடக்கம் செய்த மறுநாள் உள்ளே வரக் கூசி வாசலிலேயே நின்றாயே. வந்த கூட்டமெல்லாம் போய், வீடு வெறிச்சென்று கிடந்தபோது வந்தவன் நீ ஒருவன்தான். அதற்கு நன்றி சொல்லத்தான் இக்கடிதம். என் கை நடுக்கம் முற்றிவிட்டது. இவ்வளவு எழுத மூன்று நாள் ஆயிற்று. நீ மட்டும் விடாமல் எழுது, படிக்கக் கண் இருக்கிறது. மன்னித்துக்கொள்.'

கையை எடுத்தார். அதே வரிதான், ஆனால் பொருள் வேறு. ஏழு திங்கள் அதைத் தவறாய்ச் சுமந்த தம் மடமையை எண்ணி நாணினார். அதனினும் பெரிதாய் ஒரு நன்றி நெஞ்சில் பொங்கியது: அக்காள் இன்னும் உயிரோடு இருக்கிறார்.

மறுநாள் முற்பகலில் அவர் அக்காளின் வாசலில் நின்றார். இம்முறை கூசாமல் உள்ளே போனார். இரு கைகளாலும் குவளையைப் பற்றித் தண்ணீர் குடித்துக்கொண்டிருந்த அக்காள், அவர் தலைகுனிந்து சொன்னதையெல்லாம் கேட்டுக் குவளையைக் கீழே வைத்தார்.

"ஏழு மாசமா தபால்காரர் முகத்தையே பார்த்துக்கிட்டிருந்தேன்டா" என்றார். பிறகு கண்ணைத் துடைத்துக்கொண்டு, "சின்னப்பிள்ளையில கதை சொன்னா, முடிவை மொதல்ல சொல்லுன்னு அழுவியே, அந்தப் புத்தி இன்னும் போகலையா?" என்று சிரித்தார். தம்பி கொண்டுவந்திருந்த கடிதத்தை வாங்கி அவரிடமே நீட்டினார். "படி. மெதுவா."

அவர் படித்தார். முடித்ததும், "இன்னொரு தடவை" என்றார் அக்காள். மீண்டும் படித்தார். நான்காம் முறை கடைசி வரியை அடைந்தபோது, அக்காளின் நடுங்கும் கை, விரைந்தே பழகிய அவர் கையின்மேல் வந்து அமர்ந்தது. படிப்பதற்கு இனி எதுவும் இல்லை. இருவரும் அவ்வாறே இருந்தனர். வழியோரக் குரலுக்காக நின்றவர் தமக்காகவும் நின்றதை எண்ணி, தம்பி அசையாமல் நன்றி சொல்லிக்கொண்டிருந்தார்.