மிதித்த பிறகும் ஓடிய தூரம்

விடிவதற்கு முன்பே லாரிகளுக்கு அடியில் நெருப்பு மூட்டியாக வேண்டும். பழைய தகரச் சட்டியில் டீசல் நனைத்த சாக்கைப் போட்டுப் பற்றவைத்து, குளிரில் உறைந்த இன்ஜினுக்குக் கீழே தள்ளிவிட்டு, சுவாலை ஒயர் பக்கம் தாவாமல் கூடவே படுத்துக் கிடக்க வேண்டும். முதுகில் பனி ஏறும். முகம் தீயில் வேகும். நாரின் என்கிற மலைப்பகுதியில், நிலக்கரிச் சுரங்கத்து முற்றத்தில் குளிர்காலம் முழுக்க டிரைவர்களின் நாள் இப்படித்தான் தொடங்கியது.

அன்றைக்குச் சகினுக்கு அது தொடங்கிய நாள் அல்ல, முடியாத நாள். முதல் நாள் காலையில் வண்டி எடுத்தவன், லோடு இறக்கி, திரும்பி ஏறி, மறுபடி லோடு அடித்துக்கொண்டு நிற்கிறான். நகரத்தில் எல்லா வீட்டு அடுப்பும் நிலக்கரி கேட்கிறது என்று முதலாளி நூர்தின் ஒரு நடையை இரண்டு நடையாக்கி இருந்தான். முடியாது என்றவனிடம் சாவியை வாங்கி வேறொருவனிடம் கொடுத்தான்.

பக்கத்து லாரிக்கு அடியிலிருந்து துலோகனின் குரல் வந்தது. சகினும் அவனும் ஒரே தெருவில் வளர்ந்தவர்கள். ஒரே வருடம் லைசென்ஸ் எடுத்தவர்கள்.

"டேய், தூங்கிடாதடா. மீசை பத்திக்கிட்டா உன் பொண்டாட்டி என்னைத்தான் கேப்பா."

"பத்தட்டும். குளிராவது விடும்," என்றான் சகின்.

இருவர் வண்டியிலும் பிரேக் லைனர் தேய்ந்து ஆணி உரசும் சத்தம் கேட்கத் தொடங்கி வெகுநாளாகிவிட்டது. எல்லாருக்கும் மூத்த டிரைவரான ஜப்பார் இதை முதலாளியிடம் சொல்லிப் பார்த்துவிட்டார். பனி உருகட்டும், மாற்றலாம் என்று பதில் வந்தது. துலோகனின் மனைவி மைரம் சுரங்கத்துச் சமையல் கூடத்தில் வேலை செய்தாள். பொரித்த மாவுருண்டைகளைத் துணியில் முடிந்து இருவருக்கும் கொடுத்தாள். துலோகன் முன்னால் கிளம்பினான். கொஞ்சம் இடைவெளி விட்டுச் சகின் கிளம்பினான்.

கணவாயைத் தாண்டிய இறக்கத்தில், வளைவுக்கு அப்பால், பனியில் வழுக்காமலிருக்கப் பின்சக்கரத்தில் சுற்றியிருந்த சங்கிலி அறுந்து துலோகனின் லாரி குறுக்கே நின்றுவிட்டது. பின்னால் சகின் வருவான் என்று அவனுக்குத் தெரியும். தொப்பியைக் கழற்றி வீசிக்கொண்டு மேட்டை நோக்கி ஓடிவந்தான்.

சகின் அவனைப் பார்த்தான். அதைத்தான் பிற்பாடு அவனால் தாங்க முடியவில்லை. திறந்த கண்ணோடுதான் பார்த்தான். ஆனால் பார்த்தது ஒரு மனிதன் என்று அவன் தலைக்குள் ஏற நேரமாயிற்று. கால் நகர இன்னும் நேரமாயிற்று. அந்த நேரமெல்லாம் லாரி சும்மா நிற்கவில்லை. மலையளவு கரியோடு இறங்கிக்கொண்டே இருந்தது. பிறகு மிதித்தான். சீட்டிலிருந்து எழும்பி முழு உடம்பையும் வைத்து மிதித்தான். ஒரு பக்கத்துச் சக்கரம் பிடித்தது, மறுபக்கம் வழுக்கிக்கொண்டு போனது. துலோகன் இடப்பக்கம் ஒதுங்கினான். பிடித்த சக்கரம் லாரியை அந்தப் பக்கமே இழுத்தது.

*

சாவு வீட்டு வழக்கப்படி மைரம் வீட்டு முன்னால் கம்பளிக் கூடாரம் எழுந்தது. துக்கத்துக்கு வருகிற ஆண்கள் தூரத்திலிருந்தே 'என் தம்பியே' என்றும் 'என் மலையே' என்றும் குரலெடுத்து அழுதுகொண்டு வரவேண்டும். வாசலில் நிற்கிறவர்கள் பதிலுக்கு அழுவார்கள். சகின் தெருமுனை வரை வந்தான். வாயைத் திறந்தான். குரல் வரவில்லை. துலோகனை என்ன சொல்லி அழைத்து அழுவது, கொன்றவனுக்கு அந்த உரிமை உண்டா என்று தெரியாமல் நின்றான். ஜப்பார் வந்து அவன் இடுப்பைச் சுற்றிக் கைபோட்டு, இரண்டு பேருக்கும் சேர்த்துத் தானே அழுதுகொண்டு கூட்டிப்போனார்.

உள்ளே ஒப்பாரி நின்றது. மைரம் நிமிரவில்லை. தரையைப் பார்த்தபடி கேட்டாள்.

"அவர் ஒதுங்கினாரா?"

"ஒதுங்கினான் அண்ணி."

"அப்புறம்?"

"வண்டி அவன் ஒதுங்கின பக்கமே போச்சு."

அவள் இரண்டு கையாலும் முகத்தை மூடிக்கொண்டாள். அவனைப் போகச் சொல்லவில்லை. இருக்கவும் சொல்லவில்லை.

அடக்கம் முடிந்த மறுநாள் நூர்தின் டிரைவர்களைக் கூப்பிட்டனுப்பினான். துக்க விருந்துக்கு அறுக்க ஒரு குதிரை அனுப்பியிருந்தான். அந்தத் தைரியம் பேச்சில் தெரிந்தது. போக்குவரத்து அதிகாரி விசாரிக்க வருகிறார் என்றான்.

"துலோகன் குடிச்சிருந்தான். நடுரோட்டுல வண்டிய நிறுத்திட்டான். சகின் நல்லாத் தூங்கி எழுந்துதான் வந்தான். இவ்வளவுதான் நடந்தது. சகின் ஜெயிலுக்குப் போகமாட்டான், அதுக்கு நான் பொறுப்பு."

"அவன் குடிக்கமாட்டான் முதலாளி," என்றார் ஜப்பார்.

"செத்தவனுக்கு என்ன அவமானம் பெரியவரே? இருக்கறவனுக்குத்தான் பிள்ளைகுட்டி."

"மைரம் இருக்காளே. அவளுக்கும் பிள்ளைங்க இருக்கு."

நூர்தின் சகின் பக்கம் திரும்பினான். "நான் காப்பாத்தறது உன்னைத்தான். யோசிச்சுக்கோ."

சகின் யோசித்தான். வீட்டில் அவன் சாப்பாட்டுத் தட்டைத் தள்ளிவைத்தபோது, மனைவி அதைத் திரும்ப அவன் பக்கம் நகர்த்தினாள். ஜெயிலை நினைத்து அவனுக்குப் பயமாகத்தான் இருந்தது. ஆனால் கண்ணை மூடினால் தொப்பியை வீசிக்கொண்டு ஒருவன் மேட்டில் ஓடிவந்தான். குடித்தவன் அப்படி ஓடமாட்டான் என்று தெருவில் ஒரு குழந்தைகூடச் சொல்லும்.

அதிகாரி வளைவுக்கே எல்லாரையும் வரச்சொன்னார். ஒல்லியான மனிதர், சத்தம் போடாதவர். சக்கரத் தடத்தின் ஓரமாகவே நடந்து போய், நடந்து வந்தார்.

"வளைவுல திரும்பினதுமே ஆள் தெரியுது. தடம் ஆரம்பிக்கறது இங்க. யாரா இருந்தாலும் பாத்ததும் கால் போயிடாது, கொஞ்ச தூரம் வண்டி ஓடத்தான் செய்யும். ஆனா இது கொஞ்ச தூரம் இல்ல." தடத்தைக் காட்டினார். "அப்புறம், தடம் ஒரு பக்கம்தான் இருக்கு. இன்னொரு பக்கம் பிடிக்கவே இல்ல." சகினிடம் திரும்பினார். "அதுக்கு முன்னால கடைசியா எப்பத் தூங்கினே?"

நூர்தின் காரின் மேல் சாய்ந்து நின்றான்.

"முந்தின நாளுக்கு முந்தின ராத்திரி," என்றான் சகின். "துலோகன் குடிக்கல. அவன் என்னைக் காப்பாத்த ஓடிவந்தான். நான் லேட்டா மிதிச்சேன். மிதிச்சும் நிக்கல."

"உனக்கு நீயே குழி வெட்டறே," என்றான் நூர்தின்.

"அன்னைக்கு இவங்க பின்னால நானும் அப்படித்தான் தூங்காம வந்தேன்," என்றார் ஜப்பார். "சகின் முன்னால போகலேன்னா அவனை அடிச்சது நானாத்தான் இருந்திருக்கும்." அவருக்குப் பின்னாலிருந்தவன் தன் வண்டியிலும் ஒரு பக்கம் பிடிப்பதில்லை என்றான். இன்னொருவன், போன வாரம் இதே வளைவில் பனிச்சுவரில் இடித்துத்தான் நிறுத்தினேன் என்றான். ஒவ்வொருவனாக வாயைத் திறந்தார்கள். சொல்லி முடித்தவன் சகின் நின்ற பக்கம் வந்து நின்றான்.

அதிகாரி எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டார். வழக்கு உன்மேலும் வரும் என்று சகினிடம் சொன்னார். உன்மேல் மட்டும் வருமா என்பதை என்னால் சொல்ல முடியாது என்றும் சொன்னார்.

*

மறுநாள் லாரிகளுக்கு அடியில் யாரும் நெருப்பு மூட்டவில்லை. லைனர் மாற்று, ஒரு நடைதான் ஓட்டுவோம், துலோகன் குடும்பத்துக்கு வழி சொல் என்று ஜப்பார் போய்ச் சொன்னார். கீழேயிருந்து வேறு டிரைவர்களை அவர்கள் லாரிகளோடு வரவழைக்கிறேன், அதற்குள் சாவிகளை மேசைமேல் வைத்துவிடுங்கள் என்று நூர்தின் சொன்னான். யாரும் வைக்கவில்லை.

அடுத்த நாள் காலையில், அந்த லாரிகள் வராதபடி, சுரங்கத்துக்கு ஏறும் சாலையை மறித்து நின்றார்கள். மைரமும் வந்தாள். துக்கம் கழியாத பெண் வாசல் தாண்டக்கூடாது என்று உறவுக்காரர்கள் தடுத்தும் வந்திருந்தாள். சகினுக்கு முதுகு காட்டி நின்று பேசினாள்.

"உன் முகத்தைப் பாக்க என்னால முடியல சகின். பாக்கச் சொல்லாத. ஆனா நான் இங்கதான் நிப்பேன்."

"இப்படித் திருப்பத்துக்குப் பக்கத்துல நிக்கக்கூடாது அண்ணி," என்றான் அவன் மெதுவாக. "வர்றவன் எப்பத் தூங்கினானோ. அவன் வண்டி எப்படியோ. முன்னாடியே அவன் கண்ணுல ஏதாவது படணும்."

அவள் தோளில் கிடந்த கறுப்புச் சால்வையை உருவிப் பின்பக்கமாக நீட்டினாள். வெள்ளைப் பனியில் கறுப்பு தூரத்திலிருந்தே தெரியும். சகின் அதை மண்வெட்டிக் காம்பில் கட்டிக்கொண்டு, திருப்பத்துக்கும் அப்பால், கீழே வெகுதூரம் நடந்துபோய்ப் பனியில் நட்டுவிட்டு வந்தான்.

வெளியூர் லாரி கொஞ்ச நேரத்தில் தென்பட்டது. சால்வையைத் தாண்டியதும் வேகம் குறைந்தது. இன்ஜின் முனகல் மாறியது. மைரம் ஜப்பாரின் கையைப் பிடித்துக்கொண்டாள். லாரி ஊர்ந்து, குலுங்கி, அவர்களுக்கும் தனக்கும் நடுவில் ஒரு வீடு கட்டுகிற அளவு இடம் விட்டு நின்றது.

வாலிபன் ஒருவன் இறங்கினான். கண் சிவந்திருந்தது. கறுப்புக் கட்டியிருக்கிறதே, யார் செத்தது என்று கேட்டான். சகின் சொன்னான். தன் பெயரையும் சேர்த்தே சொன்னான். வாலிபன் தன் லாரியின் சக்கரத்தைத் திரும்பிப் பார்த்தான். அதை இதற்கு முன் பார்க்காதவன் போல வெகுநேரம் பார்த்தான். பிறகு கையை உள்ளே விட்டு இன்ஜினை அணைத்தான்.

"உங்க முதலாளி போன் பண்ணுவாரே. என்னன்னு சொல்றது?"

எல்லாரும் சகினைப் பார்த்தார்கள். பதில் சொன்னது மைரம்.

"ரோட்டுல ஆளுங்க நிக்கறாங்கன்னு சொல்லு தம்பி. பாத்தேன், நிறுத்திட்டேன்னு சொல்லு."