சுவர்ப் பக்கத்துக் கிளி

ஈரத்துணியால் துடைக்காதீர்கள் என்று கடை வாசலிலேயே எழுதிப் போட்டிருக்கிறேன். யார் கேட்கிறார்கள்? பழைய கண்ணாடிச் சாமான்களுக்கு மதிப்புச் சொல்வது என் தொழில். வருகிறவர்களெல்லாம் முந்தின நாளே அதைக் குளிப்பாட்டித்தான் கொண்டுவருகிறார்கள். சூளையில் சுட்ட சாயம் என்றால் பரவாயில்லை, நகத்தால் சுரண்டினாலும் அசையாது. சுடாமல் தீட்டியது என்றால் படம் துணியோடு வந்துவிடும்.

அக்காவுக்குமா இது தெரியாது? நான் தலையில் அடித்துக்கொண்டு புலம்புவதையெல்லாம் உட்கார்ந்து கேட்பவளே அவள்தான்.

அத்தான் அந்தக் கண்ணாடிப் பூச்சாடியை மேஜைமேல் வைத்தார். எங்கள் அம்மா அக்காவுக்குக் கொடுத்தது; சுடாத சாயத்தில் மூன்று கிளிகள் தீட்டியது. புகுந்த வீட்டில் அவளுடையது என்று சொல்ல அது ஒன்றுதான். அதை விற்றே தீருவேன் என்று இவர் ஒற்றைக்காலில் நிற்கிறார்.

"ஆள் ரெடியா இருக்கார். நீ ஒரு வார்த்தை சொல்லிட்டா கைமாத்திடலாம்மா."

அவர் பேச்சுக்கு அக்கா மறுபேச்சு பேசி நான் பார்த்ததில்லை. அதுவே எனக்குத் தீராத எரிச்சல்.

ஜாடியைத் திருப்பினேன். முன்பக்கத்தில் வெயிலில் வெளுத்த இரண்டு கிளிகளும் அப்படியே இருந்தன. சுவர்ப் பக்கம் இருந்ததால் புதுக்கருக்கு அழியாமல் இருந்த மூன்றாவது கிளியைக் காணோம். விலையே அதற்குத்தான். பச்சை வால் மட்டும் மிச்சம்.

"யாரு இதைத் தொடைச்சது?"

"நான்தான்," என்றாள் அக்கா. "அழுக்கா இருந்துச்சு."

"அறிவிருக்கா உனக்கு? எத்தனை தடவை சொல்லியிருக்கேன்! செவிடன் காதுல ஊதின சங்குதானா?"

அத்தானுக்கு முகம் வெளுத்துவிட்டது. "இப்ப என்னதான் தேறும்?"

"ஒண்ணும் தேறாது அத்தான். இனி பூ வைக்கத்தான் ஆகும்."

"குடியைக் கெடுத்தியே!" என்று அக்காவைப் பார்த்துப் பல்லைக் கடித்துவிட்டு, வாங்க இருந்த ஆளுக்குப் போன் பண்ண வெளியே போனார்.

எனக்கு ஆத்திரம் அடங்கவில்லை. ஜாடியை விளக்கடியில் பிடித்துப் பார்த்தேன். கழுத்து மடிப்பில் தூசி அப்படியே இருந்தது. உள்ளே தண்ணீர்க் கறையும் அப்படியே. அழுக்கு என்று துடைக்கிறவள் இதையெல்லாம் விட்டுவிட்டு ஒரு கிளியை மட்டுமா துடைப்பாள்?

நிமிர்ந்து அக்காவைப் பார்த்தேன். அவள் என் கையிலிருந்து ஜாடியை வாங்கித் துண்டில் சுற்ற ஆரம்பித்தாள்.

"அடிப்பாவி! என்கிட்ட சொல்லியிருந்தா, விலை போகாதுன்னு நானே ஒரு பொய்யைச் சொல்லியிருப்பேனே. நல்ல கிளியைப் போய் இப்படி..."

"சாமான் விஷயத்துல உனக்குப் பொய் வராது. அதான் உண்மையாக்கிட்டேன்." அவள் குரல் உடைந்தது. "மிச்சமிருக்கிற வாலாவது நிக்குமா?"

"ஈரத்துணி வைக்காம இருந்தா நிக்கும்!" என்று கத்தினேன். எனக்கும் கண்ணில் நீர் முட்டிக்கொண்டு வந்தது.