பலகையில் நாலு கத்தி

என் வீட்டுக்காரர் பட்டாபிக்கு எதையும் அளந்து பார்த்தால்தான் தூக்கம் வரும். கல்பாக்கம் அணு ஆராய்ச்சி நிலையத்தில் கருவிகள் பிரிவில் வேலை பார்த்துப் பார்த்து வந்த வியாதி. ஆனால் பெண்ணை வெளியூர் வேலைக்கு அனுப்புகிற விஷயத்தில் மட்டும் அளவும் கிடையாது, கணக்கும் கிடையாது. "போகட்டுமே சாவித்ரி, எல்லார் ஆத்துப் பொண்ணும்தான் போறா" என்று ஒரே வரியில் முடித்துவிட்டார்.

எங்கள் ஒரே பெண் மதுவந்திக்குப் பழைய மகாபலிபுரம் சாலையில் ஒரு கம்ப்யூட்டர் கம்பெனியில் வேலை கிடைத்திருந்தது. 2005ஆம் வருஷம், விஜயதசமிக்கு மறுநாள் சேர வேண்டும். கேளம்பாக்கத்தில் மூன்று பெண்களோடு ஒரு ஃப்ளாட். அங்கிருந்து ஆபீசுக்கு ஷேர் ஆட்டோ. வேலை முடிய ஒன்பதும் ஆகலாம், பத்தும் ஆகலாமாம். முகம் தெரியாத ஆண்களோடு தொடை இடிக்க உட்கார்ந்துகொண்டு இருட்டில் வரப்போகிறாள் என்று நினைத்து, ராத்திரி பத்து மணிக்கு வாசலில் போய் இருட்டைப் பார்த்துவிட்டு வந்தேன். போகாதே என்று சொல்லவும் வாய் வரவில்லை, போ என்று சொல்லவும் மனசு வரவில்லை.

கடைசியில் எனக்கு நானே ஒரு ஒப்பந்தம் போட்டுக்கொண்டேன். அவள் பையில் எந்நேரமும் ஒரு மடக்குக் கத்தி இருக்க வேண்டும். இருந்தால் போகலாம். சரியான கத்தி கிடைக்காவிட்டால் என்ன சாக்காவது சொல்லி நிறுத்திவிடுவது.

செங்கல்பட்டு பஜாரில் வாங்க முடியாது. நான் டீச்சராக இருக்கும் பள்ளிக்கூடம் அங்கேதான். கடைக்காரர்களில் பாதிப் பேருடைய பெண்கள் என்னிடம் சரித்திரம் படிக்கிறவர்கள். 'டீச்சர் கத்தி வாங்கினாங்க' என்று மறுநாளே வகுப்புக்கு வந்துவிடும். அதனால் ஒரு சனிக்கிழமை எங்கள் ஊர் திருக்கழுக்குன்றத்தில் பஸ் ஏறி மாமல்லபுரம் போனேன். கடற்கரைக் கோயிலுக்குப் போகிற வழியில், வெள்ளைக்காரர்களுக்குச் சங்கும் மாவுக்கல் பிள்ளையாரும் விற்கிற தனகோடி என்பவனின் கடையில், கண்ணாடிப் பெட்டிக்குள் கத்திகள் இருந்ததைப் பள்ளிக்கூடச் சுற்றுலாவின்போது பார்த்து வைத்திருந்தேன்.

"இன்னா மேடம் வோணும்? சங்கா, செலையா?"

"மடக்குக் கத்தி."

"எதுக்கு மேடம்?"

"பழம் நறுக்க" என்றேன். வேறு என்ன சொல்வது?

அவன் ஒரு பெட்டியையே கவிழ்த்தான். எல்லாமே கறுப்புப் பிடி, எல்லாமே நான்கு விரல் நீளம், எல்லாமே பார்க்க ஒரே மாதிரி. ஒன்றை நகத்தால் நெம்பித் திறக்க வேண்டும். இன்னொன்று கட்டைவிரல் பட்டாலே பாதி திறந்துகொண்டது. வேறொன்றில் தகட்டின் ஓரத்தில் மிளகு அளவுக்கு ஒரு குமிழ். அட்டையோடு நூலால் கட்டியிருந்த முடிச்சுகளை அவன் பல்லால் கடிக்கப் போனான். எனக்கு அருவருப்பாக இருந்தது. என் வளையலில் எப்போதும் மாட்டியிருக்கும் பெரிய ஊக்கை எடுத்து நானே முடிச்சுகளை அவிழ்த்தேன்.

"எது நல்லது?"

"எல்லாமே நல்லதுதான் மேடம். நீங்க பழம்னு சொல்றீங்கோ. பழத்துக்கு எதுவும் ஓடும்."

சொன்னதோடு நிற்காமல் பக்கத்து வண்டியிலிருந்து ஒரு கொய்யாப்பழம் வாங்கி வந்துவிட்டான். பொய் சொல்லியாகிவிட்டது, நறுக்கித்தானே ஆக வேண்டும்? நடுத்தெருவில் நின்றுகொண்டு ஒவ்வொரு கத்தியாலும் ஒரு துண்டு நறுக்கினேன். எல்லாமே அழகாக நறுக்கின. என் பெண்ணின் மானத்தைக் காக்கப்போகிற கத்தியைக் கொய்யாப்பழத்தை வைத்துப் பரீட்சை செய்துகொண்டிருக்கிறேனே என்று என்மேலேயே எரிச்சல் வந்தது.

தனகோடி குமிழ் வைத்ததை என் பக்கம் தள்ளினான். "காலேஜ் பொண்ணுங்கோ வந்தா இத்தான் வாங்கிகினு போவுதுங்க."

"அவங்களுக்குக் கத்தி எதுக்கு?"

"பழம் நறுக்கத்தான்" என்றான், முகத்தில் சிரிப்பே இல்லாமல்.

கேலி செய்கிறான் என்று எனக்குக் கோபம். கோபம் வந்தால் புத்தி வேலை செய்யாது என்பது என் ஜாதக விசேஷம். முடிவெடுக்கத் தெரியாமல் மூன்று விதத்திலும் ஒவ்வொன்றைக் கட்டச் சொன்னேன். "எவ்ளோ பழம் மேடம் நறுக்கப் போறீங்க?" என்று கேட்டுவிட்டுத்தான் கட்டினான்.

வீட்டுக்கு வந்து பட்டாபியிடம் காட்டினேன். மனுஷர் சந்தோஷமாக மேஜை டிராயரிலிருந்து அளவுகோலை எடுத்துவந்து ஒவ்வொன்றாக அளந்தார்.

"மூணும் ஒண்ணுதான். ஒரு மில்லிமீட்டர் முன்னே பின்னே."

"அந்த ஒரு மில்லிமீட்டரை வெச்சுண்டு நான் என்னன்னா பண்றது? எது நல்லதுன்னு சொல்லுங்கோ."

"எதுக்குன்னு சொன்னாத்தானே எதுன்னு சொல்ல முடியும்? எலுமிச்சம்பழத்துக்கா?"

எதற்கு என்று வாய்விட்டுச் சொன்னால் அப்படி ஒன்று நடந்தே விடுமோ என்று பயம். "மதுவுக்கு" என்று மட்டும் சொன்னேன். அவர் அளவுகோலைக் கீழே வைத்தார்.

பிறகு, "கத்தியைக் கையில குடுக்கப்படாதே. உறவு அறுந்துடும்னு எங்கம்மா சொல்லுவா" என்றார். அளக்கிற மனுஷர்தான், ஆனால் இந்த மாதிரி விஷயங்களில் என்னைவிட மோசம். எனக்கும் அந்தப் பயம் உண்டு. அதனால் இருவருமாக ஒரு வழி கண்டுபிடித்தோம். சரஸ்வதி பூஜைப் பலகையில் மற்ற ஆயுதங்களோடு மூன்றையும் வைத்துவிடுவது. விஜயதசமி காலையில் அவளே பிடித்ததை எடுத்துக்கொள்ளட்டும். யாரும் யாருக்கும் கொடுத்ததாக ஆகாது. எது நல்லது என்று முடிவு செய்கிற தலைவலியும் எனக்கு இல்லை.

பூஜையன்று புத்தகங்களை அடுக்கிப் பட்டுத்துணி விரித்தேன். அரிவாள்மனை, கத்தரிக்கோல், அவருடைய ஸ்க்ரூடிரைவர் பெட்டி, என் சிவப்பு மைப் பேனா, பக்கத்தில் பலகையில் மூன்று கத்திகள். மதுவந்தி வழக்கம்போலத் தன் காலேஜ் பையைக் கொண்டுவந்து புத்தகங்களுக்கு மேலே வைத்தாள். காலேஜ் முடிந்த பிறகு இந்தப் பை எதற்கு என்று கேட்க நினைத்தேன், சுண்டல் தீய்ந்துவிடும் போலிருந்ததால் அடுக்களைக்கு ஓடினேன். நடுவில் தையல் மிஷினுக்குச் சந்தனம் வைக்கும்போது எண்ணெய் விடலாம் என்று பார்த்தால் குப்பி காலி. நான் மிஷினில் உட்கார்ந்தே ஒரு வருஷம் ஆகிறது. அவர்தான் வாசல் கேட் கொக்கிக்கும் சைக்கிளுக்கும் கொட்டியிருப்பார் என்று மனதுக்குள் திட்டினேன்.

கற்பூரம் காட்டும்போதுதான் பார்த்தேன். பலகையில் நாலு கத்தி இருந்தது.

கண்ணை மூடித் திறந்தேன். நாலுதான். பட்டாபியை இடித்தேன். "நீங்க ஒண்ணு வாங்கினேளா?"

"நானா? நான் எதுக்கு வாங்கறேன்?"

அப்படியானால் தனகோடி தவறிப்போய் நாலு கட்டிவிட்டானா? அவர் அளந்தபோது மூன்றுதானே இருந்தது? அல்லது அவர் மூன்றை மட்டும் அளந்தாரா? குமிழ் வைத்தது இப்போது இரண்டு இருந்தது. அதில் எது நான் வாங்கினது, எது வந்து சேர்ந்தது என்று எட்டிப் பார்த்தாலும் தெரியவில்லை. பூஜையில் வைத்ததை மறுநாள் எடுக்கும்வரை தொடக் கூடாது. அதனால் எடுத்துப் பார்க்கவும் முடியாமல், விடவும் முடியாமல், சுண்டலில் உப்புப் போட்டேனா இல்லையா என்பதுகூட மறந்து இரண்டு முறை போட்டேன். மதுவந்தி இரண்டு டம்ளர் தண்ணீரோடு சாப்பிட்டு முடித்தாள்.

காலையில் குளித்து, மறுபூஜை முடித்து, முதல் காரியமாக இரண்டு குமிழ்க் கத்திகளையும் எடுத்தேன். ஒன்று முரண்டு பிடித்தது. இன்னொன்றின் குமிழில் கட்டைவிரலை வைத்தேனோ இல்லையோ, வழுக்கிக்கொண்டு திறந்து நின்றது. பிடியில் விரல் படும் இடம் தேய்ந்து பளபளத்தது. முகர்ந்து பார்த்தேன். தையல் மிஷின் எண்ணெய்.

"அது என்னோடதும்மா" என்றாள் மதுவந்தி. தலையில் துண்டோடு பின்னால் நின்றிருந்தாள்.

"உன்னோடதா? எப்போலேர்ந்து?"

"காலேஜ் சேர்ந்த வருஷத்துலேர்ந்து. மாமல்லபுரத்துல வாங்கினேன். வருஷா வருஷம் பைக்குள்ள வெச்சேதான் பூஜை பண்ணிண்டிருந்தேன். இந்த வருஷம் நீயே வெளியில வெச்சிருந்தியா, சரி, இதுவும் இருக்கட்டும்னு எடுத்து வெச்சேன்."

"எதுக்குடி உனக்கு?" என்று கேட்டேன். கேட்கும்போதே எனக்குத் தெரிந்துவிட்டது.

மதுராந்தகம் பக்கம் காலேஜ். தினமும் காலையில் கூட்டம் பிதுங்கும் பஸ். வாசலில் நின்று கையாட்டி, 'டிபன் பாக்ஸை மறந்துடாதே' என்று கூவி அனுப்பியவள் நான்தான். கேளம்பாக்கத்து இருட்டை நினைத்துத்தான் கத்தி தேடிப் போனேன். பட்டப்பகலில், நான் ஏற்றிவிட்ட பஸ்ஸில், இவள் நாலு வருஷம் கத்தியோடு நின்றிருக்கிறாள்.

"என்னடி ஆச்சு?"

"ஒண்ணும் ஆகல. ஒரு தடவதான் திறந்தேன். அவன் அடுத்த ஸ்டாப்புலயே இறங்கிட்டான்."

"எங்கிட்ட ஏன் சொல்லல?"

"சொல்லியிருந்தா காலேஜை நிறுத்தியிருப்ப."

இல்லை என்று சொல்ல வாயைத் திறந்தேன். நிறுத்தித்தான் இருப்பேன். நேற்றுவரை இந்த வேலையையும் நிறுத்தலாமா என்று சாக்குத் தேடிக்கொண்டிருந்தவள்தானே நான். அழுகை வந்தது, அவள்மேல் கோபமும் வந்தது, எது முன்னால் வந்தது என்று தெரியவில்லை.

அவள் பலகைக்கு முன்னால் உட்கார்ந்து நான் வாங்கிய மூன்றையும் ஒவ்வொன்றாக எடுத்தாள். கொய்யாப்பழம் எதுவும் கேட்கவில்லை.

"இதுக்கு நகம் வேணும், ரெண்டு கையும் வேணும். பஸ்ல ஒரு கை மேல கம்பியில இருக்குமேம்மா" என்று ஒன்றை ஒதுக்கினாள். அடுத்ததைத் திறந்து தகட்டின் முதுகில் அழுத்தினாள். அது மடங்கியது. "இது பூட்டிக்கவே இல்ல. நம்ம விரலைத்தான் நறுக்கும்." குமிழ் வைத்ததைத் திறந்தாள், மூடினாள், மறுபடி திறந்தாள். "இது சரி. கொஞ்சம் எண்ணெய் விட்டாப் போதும்."

"அப்போ புதுசையே எடுத்துக்கோ."

"எனக்குப் பழசு பழகிடுத்து. இத நீ வெச்சுக்கோ. நீயும் தினம் பஸ்லதானே செங்கல்பட்டு போற?"

என் கையில் கொடுக்கவில்லை. பலகையிலேயே வைத்து என் பக்கம் நகர்த்தினாள்.

"எனக்கு எதுக்கு? எனக்கு ஊக்கு இருக்கு" என்றேன்.

சொன்ன பிறகுதான் என்ன சொன்னேன் என்று உறைத்தது. வேலையில் சேர்ந்த நாளிலிருந்து பஸ் படியில் கால் வைக்கும்போதே வளையலிலிருந்து கழற்றி உள்ளங்கையில் திறந்து வைத்துக்கொள்கிற ஊக்கு. யாரிடமும் சொன்னதில்லை. என் அம்மாவிடம் சொல்லவில்லை, கட்டினவரிடம் சொல்லவில்லை, பெற்ற பெண்ணிடமும் சொல்லவில்லை.

மதுவந்தி என் வளையலைப் பார்த்தாள். எதற்கு என்று அவள் கேட்கவில்லை. என் கையைப் பிடித்துக்கொண்டாள்.

கூடத்தில் பேப்பர் படித்துக்கொண்டிருந்த பட்டாபி கண்ணாடியைத் தூக்கிவிட்டு எங்களைப் பார்த்தார். "ஊக்கா? கத்தி இருக்கிற எடத்துல ஊக்கு எதுக்கு? பஸ்ல அப்படி என்ன ஊக்கு போடற வேலை?"

புடவைக்கு என்று சொல்லலாம். வாயில் தயாராகத்தான் இருந்தது.

"பேப்பரைக் கீழே வையுங்கோ. இங்க வந்து உக்காருங்கோ, சொல்றேன்" என்றேன்.